பல டொமைன் மின்னஞ்சல் சர்வரை மாற்றும்போது பயனர் உள்நுழைவுகளைக் கையாளும் முறை

ஆம்பூரில் ஷூ தொழிற்சாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பதனிடும் ஆலை, வேலூரில் ஏற்றுமதி அலுவலகம், அதே குடும்பத்தின் அறக்கட்டளை நடத்தும் ஒரு பள்ளி என, ஒரே நிர்வாகத்தின் கீழ் நான்கு பெயர்ப்பலகைகள் இருப்பது வட ஆர்க்காட்டுப் பகுதியில் சாதாரணம். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு இந்த நான்கும் மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடந்தாலும், அவற்றின் நான்கு டொமைன்களுக்குமான (மின்னஞ்சல் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வரும் பெயர்) மின்னஞ்சல் பல ஆண்டுகளாக ஒரே சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சர்வரை மாற்றும் காலம் வரும்போது எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை ஜிபி மெயில் இருக்கிறது, நகலெடுக்க எவ்வளவு நேரமாகும் என்பதைத்தான். நகலெடுப்பது இயந்திரத்தின் வேலை. பாதியில் அறுந்தால் மறுபடியும் ஓட்டிக்கொள்ளலாம். திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்தவுடன் அவரவர் பெட்டி அவரவருக்குத் திறக்கிறதா என்பதே உண்மையான கேள்வி. அதனால் ஒரு மெயிலைக்கூட நகர்த்துவதற்கு முன்பே உள்நுழைவுப் பெயர்களையும் கடவுச்சொற்களையும் பற்றிய முடிவுகளை எடுத்து முடித்துவிட வேண்டும் என்பது என் கருத்து. மெயிலை அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டிகளைத் திறந்து படிக்க உதவும் டவ்காட்டும் இயங்கும் லினக்ஸ் சர்வரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். மென்பொருள் வேறாக இருந்தாலும் எழும் கேள்விகள் பெரும்பாலும் இவைதாம்.

யார் யார் உள்ளே வருகிறார்கள்

பணியாளர் துறை தரும் பட்டியலை வைத்து வேலையைத் தொடங்க வேண்டாம். வேலையை விட்டுப் போனவர்கள் அதில் இருப்பார்கள்; மின்னஞ்சல் அனுப்பும் இயந்திரங்கள் அதில் இருக்கமாட்டா. நம்பத்தகுந்த பட்டியல் பழைய சர்வரின் பதிவுக் கோப்பில் இருக்கிறது. வெற்றிகரமாக நடந்த ஒவ்வொரு நுழைவுக்கும் அங்கே ஒரு வரி இருக்கும்; எந்தப் பெயரைத் தட்டச்சு செய்தார்கள், எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தார்கள், மெயிலைப் படிக்க வந்தார்களா அல்லது அனுப்ப வந்தார்களா என்பதை அந்த வரியே சொல்லிவிடும். குறைந்தது ஒரு முழு மாதத்துப் பதிவைத் திரட்ட வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் கணக்கு அறிக்கை அனுப்பும் டாலி, எப்போதாவது எச்சரிக்கை அனுப்பும் சிசிடிவி ரெக்கார்டர், ஸ்கேன் செய்த பில்லை மெயிலாக அனுப்பும் ஜெராக்ஸ் இயந்திரம் ஆகியவை ஒரு வாரப் பதிவில் அகப்படாமல் போகலாம். மாற்றம் முடிந்த பிறகு வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த இயந்திரங்களைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஏனென்றால் அவற்றின் கடவுச்சொல்லை யார், எப்போது பதித்தார்கள் என்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் நினைவிருக்காது.

திரட்டிய பெயர்களை, உண்மையான அஞ்சல்பெட்டி உள்ளவை, வேறு பெட்டிக்குத் திருப்பிவிடும் மாற்றுப்பெயர்கள், வெளி முகவரிக்கு அனுப்பிவைக்கும் பெயர்கள் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். உள்நுழைவு தேவைப்படுவது முதல் வகைக்கு மட்டுமே. ஒரு டொமைனில் எந்தப் பெயருக்கு எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும் பொதுப்பெட்டி ஏதேனும் வைத்திருந்தால், அதை இந்தச் சந்தர்ப்பத்தில் மூடிவிடுவதே நல்லது.

உள்நுழைவுப் பெயர்: முழு முகவரியே

முதலில் ஒரே டொமைனுடன் தொடங்கிய சர்வர்களில் பயனர் பெயர் வெறும் "குமார்" என்றே இருக்கும். அப்போது அது போதுமானதாக இருந்தது. இரண்டாவது டொமைன் வந்தபோது அங்கேயும் ஒரு குமார் இருந்ததால், பெயருக்குப் பின்னால் அடிக்கோடிட்டு ஊரின் சுருக்கத்தைச் சேர்த்திருப்பார்கள். மூன்றாவது டொமைன் வந்தபோது வேறொருவர் அட் குறிக்குப் பதிலாக விழுக்காட்டுக் குறியை இட்டு டொமைனைச் சேர்த்திருப்பார். "அக்கவுண்ட்ஸ்", "இன்ஃபோ", "எக்ஸ்போர்ட்" ஆகிய பெயர்கள் நான்கு டொமைன்களிலும் இருக்கும். வெறும் காந்தி நகர் என்று எழுதிப் போட்ட கடிதம் எந்த ஊருக்குப் போய்ச் சேரும் என்று தபால்காரர் எப்படிச் சொல்ல முடியாதோ, அப்படியே வெறும் "அக்கவுண்ட்ஸ்" என்ற உள்நுழைவை வைத்து அது யாருடைய பெட்டி என்று சர்வரால் சொல்ல முடியாது.

ஆகவே புதிய சர்வரில் முழு மின்னஞ்சல் முகவரியே உள்நுழைவுப் பெயராக இருக்க வேண்டும். விதிவிலக்கு எவருக்கும் வேண்டாம். நிர்வாக இயக்குநருக்கும் வேண்டாம். பயனர் அட்டவணையில் பெயரும் டொமைனும் சேர்ந்ததே தனித்துவமான சாவி என்று தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு விதித்துவிட்டால், பின்னாளில் வேறொருவர் கைதவறி இரண்டாவது பதிவைச் சேர்க்க முடியாது. எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்கிச் சேமிப்பதும், உள்ளே வரும் பெயரையும் சிற்றெழுத்தாக்கிய பிறகே தேடுவதும் அவசியம். சில கைபேசிகள் முதல் எழுத்தைத் தாமாகவே பேரெழுத்தாக்கிவிடும். தானாக நிரப்பப்படும் பெயரின் முடிவில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்வதும் உண்டு.

ஆனால் பழைய பெயரில் நுழைந்துகொண்டிருப்பவர்கள் அத்தனை பேரின் கணினிகளையும் கைபேசிகளையும் ஒரே நாளில் மாற்றியமைக்க முடியாது. இதற்காகப் பழைய பெயர் ஒரு பத்தியிலும் புதிய முழு முகவரி மறு பத்தியிலும் இருக்கும் தற்காலிக அட்டவணை ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். டவ்காட்டின் கடவுச்சொல் தேடல், பயனர் தட்டச்சு செய்த பெயருக்குப் பதிலாக வேறொரு பெயரைத் திருப்பித் தர இடமளிக்கிறது. அதன் மூலம் "குமார்" என்று நுழைபவர் உள்ளே வந்ததும் தம் முழு முகவரிக்குரிய பயனராகிவிடுவார். பெயரில் டொமைன் இல்லாவிட்டால் ஒரு குறிப்பிட்ட டொமைனைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பும் டவ்காட்டில் உண்டு. அது எளிதாகத் தோன்றினாலும் பல டொமைன்கள் உள்ள இடத்தில் அதை நாடக் கூடாது. ஆம்பூர் குமாரின் பழைய கைபேசி வேலூர் குமாரின் பெட்டியை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். இருவருடைய கடவுச்சொல்லும் ஒன்றாக அமைந்துவிட்டால் பெட்டியே மாறித் திறந்துவிடும். எல்லோருக்கும் ஒரே தொடக்கக் கடவுச்சொல் கொடுத்த அலுவலகங்களில் இது நடக்கக்கூடியதே.

கடவுச்சொற்களை யாரிடமும் கேட்க வேண்டாம்

எல்லோருடைய கடவுச்சொல்லையும் எக்செல் தாளில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கும் பழக்கம் நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. அந்தத் தாள் வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றும். ஒரே கடவுச்சொல்லை வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பவர்கள் பலர் என்பதால், அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவர் வேண்டாத பொறுப்பைச் சுமக்கிறார். பழைய சர்வர் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் இதற்குத் தேவையே இல்லை. கடவுச்சொல்லின் ஹாஷ் வடிவத்தை (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டுச் சேமிக்கும், நேரடியாகத் திருப்பிப் படிக்க முடியாத எழுத்துத் தொடர்) அப்படியே எடுத்துச் சென்றால் போதும். யாருடைய கடவுச்சொல்லும் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, பயனரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஹாஷின் தொடக்கத்தைப் பார்த்தே அதன் வகையைத் தெரிந்துகொள்ளலாம். $1$ என்று தொடங்கினால் எம்டி5 வகை, $5$ என்றால் ஷா-256, $6$ என்றால் ஷா-512, $2 என்று தொடங்கி அடுத்து ஓர் எழுத்து வந்தால் பிகிரிப்ட். டவ்காட் ஒவ்வொரு ஹாஷுக்கு முன்னாலும் அடைப்புக்குறிக்குள் வகையின் பெயரை எழுத இடம் தருகிறது. அதனால் ஒரே அட்டவணையில் பல வகை ஹாஷ்கள் கலந்திருக்கலாம். டொமைனுக்கு ஒரு வகையாக ஆண்டுக்கணக்கில் சேர்ந்துபோன இடங்களுக்கு இது பெரிய உதவி.

டாலர் குறியே இல்லாமல் 13 எழுத்துகள் மட்டும் கொண்ட ஹாஷைக் கண்டால் சற்று நின்று யோசிக்க வேண்டும். அது பழைய யூனிக்ஸின் டிஇஎஸ் முறை; கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே அது கணக்கில் கொள்ளும். பன்னிரண்டு எழுத்துக் கடவுச்சொல் வைத்திருக்கும் ஒருவர், ஒன்பதாவது எழுத்திலிருந்து எதைத் தட்டினாலும் இத்தனை காலமும் உள்ளே வந்திருப்பார். அவருடைய அலுவலகக் கணினியில் ஒரு விதமாகவும் கைபேசியில் வேறு விதமாகவும் பதிந்திருக்கலாம். இரண்டுமே வேலை செய்ததால் அவருக்கு அது தெரிந்திருக்காது. வலுவான புதிய ஹாஷுக்கு அவரை மாற்றியதும் ஏதாவது ஒன்று நின்றுவிடும். இத்தகைய ஹாஷ் உள்ளவர்களைத் தனியாகக் குறித்து வைத்து, அவர்களுக்கு மட்டும் புதிய கடவுச்சொல்லை நேரில் அமைத்துக் கொடுத்துவிடுவதே நேர்மையான வழி.

மற்றவர்களின் பழைய ஹாஷ்களை மெல்ல மெல்லப் புதுப்பிக்கலாம். பயனர் டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) பாதுகாப்புடன் நுழையும்போது அவருடைய கடவுச்சொல் ஒரு கணம் சர்வரின் நினைவகத்தில் வெளிப்படையாக இருக்கும். சரிபார்ப்பு வெற்றி பெற்றதும் அந்தக் கணத்திலேயே வலுவான முறையில் புதிய ஹாஷ் உருவாக்கி அட்டவணையில் எழுதிவிடும் சிறு நிரலை டவ்காட்டுடன் இணைக்க முடியும். ஒரு மாதத்தில் பெரும்பாலானவை தாமாகவே மாறிவிடும். மாறாமல் எஞ்சுபவை, யாரும் பயன்படுத்தாத பெட்டிகள் எவை என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு தடையையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். தண்டர்பேர்டு போன்ற மென்பொருள்களில் "என்க்ரிப்டட் பாஸ்வேர்டு" என்ற தேர்வு இருக்கும். இது கிராம்-எம்டி5 முறையைக் குறிக்கிறது. அதற்குச் சர்வரில் வெளிப்படையான கடவுச்சொல்லோ, அம்முறைக்கே உரிய தனி ஹாஷோ இருக்க வேண்டும். ஷா-512 ஹாஷ் மட்டும் இருக்கும் புதிய சர்வரில் அந்தத் தேர்வு வேலை செய்யாது. பெயர் ஏமாற்றுகிறது, டிஎல்எஸ் இணைப்புக்குள் "நார்மல் பாஸ்வேர்டு" என்ற தேர்வே இன்றைக்குச் சரியானதும் பாதுகாப்பானதும் ஆகும். பழைய சர்வரின் பதிவில் எந்த முறையில் நுழைந்தார்கள் என்பதும் இருக்கும் என்பதால், இந்தத் திருத்தம் தேவைப்படுபவர்களின் பட்டியலை அங்கிருந்தே எடுத்துவிடலாம்.

பழைய சர்வர் வேறொரு நிறுவனத்திடம் இருந்து, ஹாஷ் கிடைக்காத நிலையும் வரலாம். அப்போது, புதிய சர்வர் தனக்கு வரும் பெயரையும் கடவுச்சொல்லையும் பழைய சர்வரில் ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலைப் படிக்கும் நெறிமுறை) வழியாகச் சரிபார்த்து, அங்கே ஏற்கப்பட்டால் ஹாஷாக்கிச் சேமித்துக்கொள்ளும்படி அமைக்கலாம். நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலுடன், உங்கள் நிறுவனத்தின் பெட்டிகளுக்கு மட்டுமே இதைச் செய்ய வேண்டும். அதற்கும் வழியில்லாவிட்டால் எல்லோருக்கும் புதிய கடவுச்சொல் வழங்குவதைத் தவிர வேறு வழியில்லை; அதை மின்னஞ்சலில் அனுப்பாமல் மூடிய உறையில் டைம் ஆபீஸ் வழியாகக் கொடுப்பது நல்லது.

மெயிலை நகலெடுக்கவும் தனிநபர் கடவுச்சொல் தேவையில்லை. டவ்காட்டில் முதன்மைப் பயனர் ஒருவரை உருவாக்கி, பயனர் பெயருக்கும் முதன்மைப் பெயருக்கும் இடையில் நட்சத்திரக் குறியிட்டு நுழைந்தால் எந்தப் பெட்டியையும் திறக்கலாம். ஐமேப்சிங்க் கருவிக்கு இது போதும். இந்தச் சாவியின் வலிமையை நினைத்து, நகலெடுக்கும் கணினியின் ஐபி முகவரியிலிருந்து மட்டுமே அது செல்லுபடியாகும்படி கட்டுப்படுத்த வேண்டும்.

ஒரே வாசல், பின்னால் இரண்டு சர்வர்கள்

நான்கு டொமைன்களையும் ஒரே இரவில் மாற்றுவது வீரமாகத் தோன்றலாம். நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். டவ்காட்டை இடைநின்று கடத்திவிடும் வாசலாகவும் அமைக்கலாம். அதாவது, எல்லோரும் புதிய சர்வருக்கே வருவார்கள். யாருடைய பெட்டி இன்னும் பழைய இடத்தில் இருக்கிறதோ அவருடைய இணைப்பை மட்டும் அது பழைய சர்வருக்குக் கடத்திவிடும். பயனர் அட்டவணையில் "இவர் எந்தச் சர்வரில் இருக்கிறார்" என்ற ஒரு பத்தி இருந்தால் போதும். கடத்தும்போது பழைய சர்வருக்குப் பழைய பெயரையே அனுப்பும்படியும் அமைக்க முடியும் என்பதால், முழு முகவரியில் நுழைபவரும் பழைய சர்வரில் "குமார்" என்றே போய்ச் சேருவார். இதனால் பயனர்களின் அமைப்பைத் திருத்துவதும் பெட்டிகளை நகர்த்துவதும் ஒன்றையொன்று சாராத இரண்டு வேலைகளாகிவிடுகின்றன. முதலில் பள்ளி, பிறகு ஆலை, பிறகு தொழிற்சாலை, கடைசியாக ஏற்றுமதி அலுவலகம் என்று வாரத்துக்கு ஒன்றாக, ஏன், தேவைப்பட்டால் ஒவ்வொரு பயனராகக்கூட நகர்த்தலாம்.

இதில் ஓர் அபாயம் உண்டு. கடத்தப்படும் பயனர்களின் கடவுச்சொல்லைப் பழைய சர்வரே சரிபார்த்துக்கொள்ளும் என்பதால், வாசலில் சரிபார்க்க வேண்டாம் என்று அமைப்பது வழக்கம். அதே அமைப்பு மெயில் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸுக்கும் பொருந்திவிட்டால், எந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் அனுப்ப அனுமதிக்கும் சர்வராக அது மாறிவிடக்கூடும். அனுப்புதலுக்குத் தனியான சரிபார்ப்பு வேண்டும். வேண்டுமென்றே தவறான கடவுச்சொல்லைக் கொடுத்து அது மறுக்கப்படுகிறதா என்று ஒவ்வொரு டொமைனிலும் சோதித்துப் பார்த்த பிறகே வாசலைத் திறக்க வேண்டும்.

ஒரு டொமைன் நகர்ந்ததும், பழைய சர்வரின் உள்ளூர் டொமைன் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்க மறக்கக் கூடாது. நீக்காவிட்டால், இன்னும் அங்கேயே இருக்கும் ஆலையிலிருந்து பள்ளிக்கு அனுப்பும் கடிதங்கள் யாரும் திறக்காத பழைய பெட்டியிலேயே விழுந்துகொண்டிருக்கும்.

சர்வரின் பெயரும் சான்றிதழும்

பயனர்களின் கருவிகளில் சர்வரின் பெயராக அந்தந்த டொமைனின் "மெயில்" முகவரி பதிந்திருக்கும். அந்தப் பெயர்கள் எல்லாம் புதிய சர்வரைக் காட்டும்போது, அதன் டிஎல்எஸ் சான்றிதழில் நான்கு பெயர்களும் இடம்பெற்றிருக்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் ஒன்றில் பல பெயர்களைச் சேர்க்கலாம். தானியங்கிப் புதுப்பித்தல் சரியாக நடக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கைப் பெட்டி வந்தால் "யெஸ் கொடுங்கள் சார்" என்று தொலைபேசியில் சொல்லிச் சமாளிப்பது, பிறகு போலித் தளத்தின் எச்சரிக்கைக்கும் யெஸ் கொடுக்கக் கற்றுக்கொடுப்பதாகும். இனிமேல் புதிதாக அமைக்கும் கருவிகளுக்கு மட்டும் நான்கு நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரே சர்வர் பெயரைக் கொடுத்து வரலாம். படிப்பதற்கு 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587 ஆகிய போர்ட்டுகள் போதும்.

டிஎல்எஸ் 1.0, 1.1 ஆகியவை 2021இல் முறைப்படி கைவிடப்பட்டவை. ஆனால் விண்டோஸ் 7இல் புதுப்பிப்பு இல்லாத அவுட்லுக்கும், கோடவுனில் இருக்கும் பழைய ஸ்கேனரும் அவற்றையே நம்பியிருக்கும். அவற்றுக்காகச் சர்வர் முழுவதையும் தளர்த்த வேண்டாம். அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சிறிய அனுப்பு சர்வரை வைத்து, ஸ்கேனர் அதனிடம் கொடுக்க, அது பாதுகாப்பான இணைப்பில் வெளியே அனுப்பும்படி செய்துவிடலாம்.

யார் எந்தப் பெயரில் அனுப்பலாம்

பழைய சர்வர்களில் நுழைந்தவர் எந்த அனுப்புநர் முகவரியை இட்டாலும் மெயில் போய்விடும். புதிய சர்வரில் உள்நுழைவுக்கும் அனுப்புநர் முகவரிக்கும் தொடர்பு சரிபார்க்கப்படுவது நல்லது. போஸ்ட்ஃபிக்ஸில் அதற்கென அட்டவணை உண்டு. ஆனால் ஆம்பூரில் அமர்ந்து வேலூர் ஏற்றுமதி அலுவலகத்தின் பெயரில் ஜெர்மனி வாடிக்கையாளருக்கு எழுதும் மெர்ச்சண்டைசர்கள் இருப்பார்கள். பதிவுக் கோப்பில் உள்நுழைவுப் பெயரையும் அனுப்புநர் முகவரியையும் ஒப்பிட்டு அந்த அட்டவணையை முன்பே நிரப்பாவிட்டால், கப்பல் ஆவணங்கள் போக வேண்டிய மாலையில் அவர்களுடைய மெயில் மறுக்கப்படும். "அக்கவுண்ட்ஸ்" போல மூன்று பேர் ஒரே கடவுச்சொல்லில் திறக்கும் பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் சொந்த உள்நுழைவும் அந்தப் பெட்டிக்குப் பகிர்வு அனுமதியும் கொடுப்பதற்கும் இதுவே தருணம்.

மாறும் நாளும் அதன் பிறகும்

டொமைன் எந்தச் சர்வரைக் காட்டுகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளின் ஆயுட்காலத்தை (மற்ற கணினிகள் அவற்றை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடியாகக் குறைத்து, பழைய ஆயுட்காலம் முழுவதும் கழிந்த பிறகே மாற்றத்தைத் தொடங்க வேண்டும். ஐரோப்பிய அலுவலகங்கள் ஓய்ந்திருக்கும் சனிக்கிழமை மாலை வசதியானது. ஜிஎஸ்டி தாக்கலுக்குரிய 11, 20 ஆகிய தேதிகளை ஒட்டிய வார இறுதியைத் தவிர்க்கலாம். சர்வர் அலுவலகத்திலேயே இருந்தால், மின்வாரியம் அறிவித்திருக்கும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளையும் பார்த்துக்கொள்ளவும்.

திங்கட்கிழமை காலையில் எதிர்பாராமல் எல்லோரையும் வெளியே தள்ளக்கூடியது, தவறான நுழைவு முயற்சிகளைக் கண்டு தடுக்கும் ஃபெயில்டூபேன் என்ற மென்பொருள். அதன் இயல்பான அமைப்பில் பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை தவறினால் அந்த ஐபி முகவரி தடுக்கப்படும். தொழிற்சாலை முழுவதும் ஒரே ஐபி முகவரியிலிருந்து வெளியே வருவதால், ஒருவருடைய பழைய கைபேசி செய்யும் தவறுக்கு எல்லோருக்கும் கதவு மூடப்படும். அலுவலகங்களின் நிலையான ஐபி முகவரிகளை அந்த வாரத்துக்கு மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்து, தோல்வியடையும் நுழைவுகளைப் பெயர்வாரியாகக் கவனித்து, உரியவரின் கருவியைத் திருத்திக்கொண்டே வர வேண்டும்.

பயனர்களுக்கான அறிவிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. உள்நுழைவுப் பெயர் முழு முகவரி என்பது, கடவுச்சொல் மாறவில்லை என்பது, கடவுச்சொல்லைக் கேட்டு எந்த இணைப்பும் எங்களிடமிருந்து வராது என்பது, சிக்கல் வந்தால் அழைக்க வேண்டிய எண் ஆகியவை இருந்தால் போதும். சர்வர் மாற்றம் நடக்கிறது என்ற செய்தி வெளியே கசிந்தால், அதைச் சாக்காக வைத்துப் போலி மெயில் அனுப்புபவர்கள் வருவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தமிழோடு உருதுவிலும் அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது பயன் தரும்.

பழைய சர்வரை உடனே அணைத்துவிட வேண்டாம். அதன் பதிவில் இன்னும் வந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு நுழைவும், திருத்தப்படாத ஒரு கருவியைக் காட்டுகிறது. பழைய பெயர் அட்டவணையும் அதே வேலையைச் செய்யும். ஒரு மாதம் அந்த வரிகள் வராமல் இருந்தால் பெயர் அட்டவணையை நீக்கி, முதன்மைப் பயனரை அழித்து, நகர்த்துவதற்காக எடுத்து வைத்த ஹாஷ் கோப்புகளையும் அழித்துவிடலாம். பதிவுக் கோப்புகளை மட்டும் அழிக்கக் கூடாது. 2022 ஏப்ரல் 28இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி 180 நாள்களுக்கான பதிவுகள் கையில் இருக்க வேண்டும் என்பதால், பழைய சர்வரின் வட்டைத் துடைப்பதற்கு முன் அவற்றைத் தனியாக நகலெடுத்து, நாள் குறித்துப் பாதுகாத்து வைக்கவும்.